ராக்வெல் அறுபது இருந்தா போதுமா?

பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் டூல் ரூம் நடத்துகிறேன், ஷீட் வெட்டுகிற பஞ்ச் (மேலிருந்து இறங்கி வெட்டுவது), டை (அது நுழையும் ஓட்டையுள்ள கீழ்ப்பகுதி) செய்கிற பட்டறை. வருகிற போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணாச்சி, பஞ்ச் முனை தெறிச்சிட்டு, ஹார்ட்னஸ் பத்தல போல, இன்னும் ரெண்டு பாயிண்ட் ஏத்திக் குடுங்க."

ஹார்ட்னஸ், அதாவது ராக்வெல் எண்ணில் சொல்கிற கெட்டித்தன்மை, பத்தாத பஞ்ச் தெறிக்காது, மழுங்கும். தெறிக்கிறது என்றால் ஏற்கெனவே அது தாங்குகிற அளவுக்கு மேல் விறைப்பாக இருக்கிறது, இதில் இன்னும் ஏற்றினால் அடுத்த வாரம் டையும் சேர்ந்து போகும்.

ஷீட் வெட்ட நாங்கள் அதிகம் போடுவது டி2 என்கிற டூல் எஃகு. கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம் அளவில் இருக்கும், 1,020 டிகிரி பக்கம் சூடேற்றிக் காற்றில் ஆறவிட்டாலே கெட்டியாகிவிடும். ஆனால் அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி. முழுசாக ஆறிக் கிடக்க விடாமல், கை பொறுக்கும் சூட்டிலேயே டெம்பரிங்குக்கு (விறைப்பு தணியத் திரும்பச் சூடேற்றுவது) எடுத்துவிட வேண்டும், அதுவும் ரெண்டு தடவை. ஏன் ரெண்டு என்றால், ஹார்டனிங்கில் உள்ளே எல்லாம் மார்ட்டென்சைட்டாக (எஃகின் கெட்டியான உள்ளமைப்பு) மாறிவிடுவதில்லை, கொஞ்சம் ஆஸ்டெனைட் (சூட்டில் இருந்த உள்ளமைப்பு) அப்படியே தங்கிவிடும். 500 டிகிரிக்கு மேல் முதல் டெம்பரிங் கொடுத்து ஆறும்போது அதில் ஒரு பங்கு புதிதாக மார்ட்டென்சைட் ஆகும், அதைப் பதப்படுத்தத்தான் ரெண்டாவது. செலவு மிச்சம் என்று அதை விட்டுவிடுகிற இடங்களும் இருக்கின்றன, பேர் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், ராக்வெல் மெஷினில் வைத்தால் ஒரு தடவை டெம்பரிங் செய்த பஞ்சும் ரெண்டு தடவை செய்த பஞ்சும் 60 என்றுதான் காட்டும்!

வயர்கட்டையும் (கம்பியில் மின்பொறி விட்டு எஃகை வெட்டுவது) மறக்கக் கூடாது. ஒரே வேகமான கட்டில் முடித்தால் மேல்பரப்பில் உருகி உறைந்த ஒரு மெல்லிய தோல் நிற்கும், முதல் விரிசல் அங்கேதான் விழும். மெதுவாக இன்னொரு கட் ஓட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் கிளியரன்ஸ், அதாவது பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடுகிற இடைவெளி. எஃகைக் குறை சொல்வதற்கு முன் வெட்டி விழுந்த வாஷரை எடுத்து ஓரத்தைப் பாருங்கள். மைல்ட் ஸ்டீல் என்றால் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு பளபளவென்று பட்டை, மீதி சொரசொரப்பாக முறிந்த இடம், இது சரி. பளபளப்புப் பட்டை ரெண்டு தெரிந்தால் இடைவெளி இறுக்கம், பஞ்ச் திரும்ப வரும்போதும் உரசிக்கொண்டுதான் வருகிறது. ஒரு மில்லி ஷீட்டுக்கு ஒரு பக்கம் 0.05 முதல் 0.1 மில்லி வரை விடலாம், ஸ்டெயின்லெஸ் என்றால் கூடுதல் பக்கமே இருக்கட்டும். வாஷரின் வெளிவட்ட அளவை டை கொடுக்கும், ஓட்டையின் அளவை பஞ்ச் கொடுக்கும், அதனால் இடைவெளியை எதில் கழிப்பது, எதில் கூட்டுவது என்று பார்த்துச் செய்யுங்கள்.

பிசிறு தெரிய ஆரம்பித்ததும் கழற்றி, தண்ணீர் விட்டு லேசாக கிரைண்டிங் பிடித்துவிடுங்கள், ஆர்டர் முடியட்டும் என்று ஓட்டினால் பத்து பாயிண்ட் (0.1 மில்லி) எடுக்க வேண்டிய இடத்தில் அரை மில்லி போய்விடும். அடுத்த தடவை ஹார்டனிங்குக்குக் கொடுக்கும்போது ராக்வெல் ரிப்போர்ட்டோடு டெம்பரிங் எத்தனை டிகிரி, எத்தனை தடவை என்பதையும் எழுதி வாங்குங்கள்.