சித்தப்பா காற்றில் ஓட்டிய வண்டி

2020 மார்ச் 24 மாலை டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டபோது, இனியாவது வீட்டில் நிம்மதி இருக்கும் என்று சித்தி சொன்னார். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை ஏற்றும் வண்டி ஓட்டிய சித்தப்பா, இருபது ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் குடித்தவர். மறுநாளே அவருக்குக் கை நடுங்கி உடல் வியர்த்தது. கொரோனாவாக இருக்குமோ என்றுதான் நாங்கள் பயந்தோம். மூன்றாம் நாள் இரவு, கம்பளியில் எறும்பு ஊர்வதாகச் சொல்லி, இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடியே காற்றில் கியர் மாற்றி, வளைவுக்கு வளைவு வாயால் ஹாரன் அடித்து, மேட்டுப்பாளையம் வரை இறங்கினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் காத்து கருப்பு என்றார்.

நான் தொலைபேசியில் கேட்ட தனியார் மருத்துவமனை ஒன்றில், மனநோயாளி என்றால் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்கள். ஊரடங்கு இரவில், கட்டிப் பிடித்தாலும் நிற்காத ஒருவரை மலைப்பாதையில் இறக்குவது நடக்கிற காரியமா? 108 வண்டி எங்களைப் பக்கத்து அரசு மருத்துவமனையில் சேர்த்தது. பணியில் இருந்த மருத்துவர் மனநல மருத்துவர் அல்லர். ஆனால், நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் வரும் சித்தப்பிரமை இது, கவனிக்காவிட்டால் உயிரே போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார். குடியால் வைட்டமின் பி1 வற்றிய உடலில் குளுக்கோஸ் முதலில் போனால் மூளைக்குக் கேடு என்றார். அதன்பின் நடுக்கத்தையும் பிதற்றலையும் அடக்கும் லோராசிபம்.

அனுமதி ஏதும் வேண்டாமா என்று கேட்டேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 94ஆம் பிரிவின்படி, உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற அவசரத்தில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும், நோயாளிக்காக முடிவெடுக்கும் பிரதிநிதி உடனிருந்தால் அவருடைய சம்மதத்தோடு, பொதுவாக 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம் என்று விளக்கினார். இந்தப் பிரிவு அந்தத் தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். அதே நாட்களில் கூடலூருக்கு அந்தப் பக்கம் கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் ஏப்ரல் 2 அன்று அதை நிறுத்திவைத்தது. மதுவையே மருந்தாகக் கொடுப்பதைவிட, லோராசிபமும் தயமினும் மலையில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருப்பது எளிது.

ஐந்தாம் நாள் சித்தப்பா கண் விழித்து, இலை எடை போட்டாயிற்றா என்று கேட்டார். மே 7 அன்று கடைகள் மீண்டும் திறந்தபோது, சித்தி வண்டிச் சாவியை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார்.