புது நாட்டு அணியில் எதற்கு ஒத்துப்போவது, எதைக் கேள்வி கேட்பது

வெளிநாட்டில் புரோகிராமராக வேலைக்குச் சேரப்போகிறவர்கள் உடையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சுலபம். நேர்முகத் தேர்வில் எதிரே இருந்தவர் போட்டிருந்த டீ-சர்ட், ஹூடி போதும். கவனம் வேண்டியது கோடில்.

கோடின் தோற்றத்தில் அணியோடு முழுக்க ஒத்துப்போங்கள். பைதான் மொழியில் கோடை எப்படி எழுதி அடுக்குவது என்ற பெப் 8 விதிகள் 2001-லேயே வந்துவிட்டன. கோ மொழியில் கோடைத் தானாக ஒழுங்குபடுத்தும் கோஃபம்ட் கருவி யாருடைய விருப்பத்தையும் கேட்பதில்லை. அதனால் அங்கே வரியை உள்ளே தள்ள டேபா ஸ்பேஸா என்ற சண்டைக்கே இடமில்லை. முதல் வாரத்திலேயே கோடை ஒழுங்குபடுத்தும் அணியின் ஃபார்மேட்டரை ப்ரீ-கமிட் ஹூக்கில் மாட்டிவிடுங்கள், மாற்றத்தைப் பதியும் முன் அது தானாக ஓடும். அண்மையில் மெர்ஜ் ஆன இருபது புல் ரிக்வெஸ்ட்களை (கோடில் சேர்க்கக் கேட்டு அனுப்பும் மாற்றங்கள்), அவற்றில் வந்த ரிவ்யூ கருத்துகளோடு படியுங்கள். அணியின் உண்மையான பழக்கம் அங்கேதான் தெரியும். பழைய எடிட்டர் அமைப்போடு கோப்பைச் சேமித்தால் மூன்று வரி மாற்றம் முந்நூறு வரியாகக் காட்டும், ரிவ்யூ செய்பவர் உண்மையான மாற்றத்தைத் தேடிக் களைத்துப்போவார்.

தொழில்நுட்பத் தேர்வு அப்படியல்ல. பல சர்வர்களில் ஓடும் மென்பொருளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸை, 2014-ல் கூகுள் தன் பிரம்மாண்ட சர்வர் கூட்டங்களை நடத்திய அனுபவத்திலிருந்து வெளியிட்டது. இரண்டே சர்வீஸ் வைத்திருக்கும் அணியும் அதை எடுத்துக்கொள்கிறது, எல்லோரும் எடுத்ததால். அமேசான் பிரைம் வீடியோவின் ஓர் அணி 2023-ல் எழுதியதைப் பாருங்கள். வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் கருவியைச் சிறு சிறு பாகங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படி மாற்றத்துக்கும் கட்டணம் ஏறியது. ஃப்ரேம்களை அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3 வழியாகக் கைமாற்றியதிலும் செலவு. எல்லாவற்றையும் ஒரே செயலிக்குள் கொண்டுவந்ததும் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

இப்படித் தேவைக்குப் பொருந்தாத தேர்வை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் புதிதாக வந்தவர்தான், அவர் கண் இன்னும் பழகவில்லை. ஆனால் விசா வேலையோடு கட்டப்பட்டிருக்கும்போது வாய் திறக்கத் தயக்கம் வருவது இயல்பு. அந்தத் தயக்கத்தால் அணி இழப்பது அதிகம்.

ஆகவே கூட்டத்தில் திடீரென்று எதிர்க்காதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: பிரச்சினை, நொடிக்கு எத்தனை கோரிக்கைகள், தரவின் அளவு, இரண்டு மாற்று வழிகள், முடிவு தவறானால் திரும்பிவர ஆகும் வேலை. "மெதுவாக இருக்கும்" என்று எழுதினால் கருத்து. பி95 நேரத்தை, அதாவது நூற்றில் 95 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரத்தை, அளந்து எழுதினால் ஆதாரம். "எங்கள் பழைய கம்பெனியில்" என்று தொடங்கினால் பாதிப்பேர் அங்கேயே கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் அதை ஒரு சீனியரிடம் காட்டுங்கள். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனைகளில், கூட்டத்தில் இன்னொருவர் சரியான விடை சொன்னாலே தவறான பெரும்பான்மைக்குப் பணிவது வெகுவாகக் குறைந்தது. அந்த ஒருவர் உங்களுக்கும் வேண்டும். முதல் வரி கோட் எழுதும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். மூன்று ஸ்பிரிண்ட் (சில வார வேலைச் சுற்று) கழித்துச் சொன்னால், எழுதியதைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது.

முடிவு வேறாக வந்தால், காரணத்தையும் எந்த எண்ணைத் தாண்டினால் மீண்டும் யோசிப்பது என்பதையும் கோட் இருக்கும் ரெப்பாசிட்டரியிலேயே பதிந்துவிட்டு, தேர்ந்தெடுத்த வழியை முழு மனதோடு கட்டுங்கள்.