ஃபில்டருக்கும் உறை மோர் வேணும்

காணும் பொங்கல் அன்னிக்கு காலைல ஆறே முக்காலுக்கு போன். "தம்பி, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுப்பா, கொஞ்சம் வர்றியா"ன்னு அந்தம்மா குரல்லயே பதட்டம். பூந்தமல்லி பக்கம் அவங்க வீடு, பின்பக்கம் 3000 லிட்டர் சிமெண்ட் தொட்டி, அதுல 18 கொய் மீன், பக்கத்துலயே நான் செஞ்சு குடுத்த 200 லிட்டர் நீல டிரம் ஃபில்டர். போய் டிரம் மூடியத் தொறந்ததுமே புரிஞ்சிடுச்சு. உள்ள போட்டிருந்த பைப் துண்டெல்லாம் கடையில வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரி பளபளன்னு கிடக்குது.

"போகிக்கு வீடு முழுக்க சுத்தம் பண்ணோம்ல, அப்படியே இதையும் பிளீச்சிங் பவுடர் போட்டு தேய்ச்சு, வெயில்ல காயவச்சு, நல்லா அலசிட்டுதான்பா திரும்ப போட்டோம், எவ்ளோ அழுக்கு தெரியுமா"ன்னு சொல்றாங்க. அவங்க மேல எனக்கு ஒரு துளி கோவம் வரல. வீட்ட சுத்தமா வச்சிக்கிறவங்க, மீன் மேல அவ்ளோ பாசம், அந்த பாசத்துலதான் கழுவியிருக்காங்க. இத ஃபிட் பண்ணி குடுத்த அன்னிக்கு மோட்டார் சுவிட்ச் எங்க இருக்கு, வால்வ எப்படி திருப்பணும்னு அரை மணி நேரம் பாடம் எடுத்த நான், உள்ள இருக்கறது அழுக்கு இல்லம்மா, மீன் விடற அம்மோனியாங்கற விஷத்த சாப்பிடற பாக்டீரியா, இந்த தொட்டியோட உயிரே அதான்னு ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேன். அந்த தப்பு என்னோடது.

கணக்கு போட்டா நடந்தது தெளிவா தெரியும். அவங்க ஒரு நாளைக்கு 100 கிராம் தீனி போடுவாங்க. 32 சதவீதம் புரோட்டீன் இருக்கற தீனின்னா 100 கிராமுக்கு சுமாரா 3 கிராம் அம்மோனியா தண்ணிக்கு வரும், அதுவும் மீன் கழிவ விட செவுள் வழியாதான் அதிகமா வரும். 3000 லிட்டர்ல 3 கிராம்னா லிட்டருக்கு 1 மில்லிகிராம், தினமும் ஏறிக்கிட்டே போகும், சாப்பிட ஆள் இல்லன்னா. போகிக்கு கழுவினாங்க, நான் போனது மூணாவது நாள், டெஸ்ட் கிட்ல ரெண்டு பாட்டில் சொட்டு விட்டு ஆட்டினா மஞ்சளா இருக்க வேண்டிய தண்ணி கரும்பச்சை. அவங்க போர் தண்ணி பிஹெச் 8க்கு மேல. இது ரொம்ப முக்கியம், ஏன்னா அதே அம்மோனியா பிஹெச் 7ல இருந்தா நூத்துல ஒரு பங்கு கூட விஷமா இருக்காது, 8ல அஞ்சாறு பங்கு விஷமாயிடும், பாசி புடிச்ச பச்சைத் தொட்டியில சாயங்காலம் பிஹெச் 9 வரைக்கும் போச்சுன்னா பாதிக்கு கொஞ்சம் கம்மியா விஷமாயிடும்.

இதெல்லாம் எனக்கு யாரும் பாடமா சொல்லித்தரல. கொளத்தூர்ல மீன் கடையில ஆறு வருஷம் வேலை பாத்தேன், தொட்டி ஒட்டுவேன், கவர்ல மீன் கட்டி ஆக்சிஜன் புடிப்பேன், அப்புறம் சொந்தமா ஃபில்டர் செஞ்சு குடுக்க ஆரம்பிச்சேன். முதல் ஆர்டர் திருநின்றவூர்ல ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் வீடு. அவருக்கு வேண்டியது கீழ மீன், மேல கீரை. 1000 லிட்டர் டேங்க், ரெண்டு சதுர மீட்டர்ல ஜல்லி போட்ட பெட், தண்ணி ரொம்பினா தானா இழுத்து வடிக்கற பெல் சைஃபன், எல்லாம் லீக் இல்லாம அழகா வந்துச்சு. தண்ணி ரொம்பி சைஃபன் இழுக்கும்போது கடகடன்னு ஒரு சத்தம் வருமே, அத கேட்டு சார் கை தட்டினார். அன்னிக்கே 50 கெண்டைக்குஞ்சு விட்டேன். மூணாவது வாரம் தினமும் ரெண்டு, நாலுன்னு மிதக்குது. ஒண்ண எடுத்து செவுள தூக்கிப் பாத்தா ரத்தச் சிவப்பா இருக்க வேண்டியது காப்பிக்கொட்டை கலர்ல இருக்கு. பணத்த திருப்பித் தந்துடறேன் சார்னு சொன்னேன். "பணம் கிடக்கட்டும் தம்பி, ஏன் செத்துச்சுன்னு கண்டுபுடி"ன்னார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்ன தேட வச்சது. அது நைட்ரைட். அம்மோனியாவ ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், அத இன்னொரு வகை நைட்ரேட்டா மாத்தும், நைட்ரேட்ட செடி எடுத்துக்கும். முதல் கூட்டம் வந்துடுச்சு, ரெண்டாவது கூட்டம் இன்னும் வந்து சேரல, நடுவுல தேங்கின நைட்ரைட் ரத்தத்துல ஆக்சிஜன தூக்கற சக்திய கெடுத்துடுச்சு, தண்ணியில ஆக்சிஜன் இருந்தும் மூச்சு முட்டி செத்திருக்கு. லிட்டருக்கு 1 கிராம், அதாவது 1000 லிட்டருக்கு ஒரு கிலோ கல் உப்பு போட்டிருந்தா உப்புல இருக்கற குளோரைடு அந்த நைட்ரைட்ட செவுளுக்குள்ள போக விடாம தடுத்திருக்கும், ஒரு கிலோ உப்பு, எங்க வீட்டு அடுப்பாங்கரையில இருந்த பொருள், இன்னிக்கும் நெனச்சா மனசு கனக்குது.

இந்த பாக்டீரியா வேலைய 1890 வாக்குலயே செர்கெய் வினோகிராட்ஸ்கின்னு ஒரு விஞ்ஞானி பிரிச்சு எடுத்து காட்டிட்டார். ரெண்டு வேலைக்கும் ரெண்டு ஆள்னுதான் நூறு வருஷத்துக்கு மேல எல்லாரும் நெனச்சிட்டிருந்தாங்க, 2015லதான் ரெண்டையும் ஒரே பாக்டீரியா செய்யுதுன்னு கண்டுபுடிச்சாங்க, அதுல ஒரு குழு நெதர்லாந்துக்காரங்க, அவங்க சாம்பிள் எடுத்தது கெண்டை வளக்கற ஒரு தொட்டியோட ஃபில்டர்ல இருந்து. இத படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கம் வரல. நான் பிளம்பிங் கடையில நின்னு பொறுக்கி எடுக்கற சாமானுக்குள்ள குடியேறுற ஜீவன பத்தி உலகம் இன்னும் புதுசா கத்துக்கிட்டே இருக்குன்னு அவ்ளோ சந்தோஷம்.

சாமான்னு சொன்னதும் கேப்பாங்க, உள்ள என்ன போடணும்னு. முக்கால் இன்ச் ஜல்லி போடலாம், ஆனா 100 லிட்டர் ஜல்லி 150 கிலோ கனம், அதுல பாக்டீரியா ஒட்டறதுக்கு கிடைக்கற பரப்பு 18 சதுர மீட்டர் கிட்டதான். கடையில விக்கற சக்கரம் மாதிரி பிளாஸ்டிக் மீடியா அதே 100 லிட்டருக்கு 50 சதுர மீட்டர் தரும், விலைதான் ஏறிடும். நான் பெரும்பாலும் போடறது எலெக்ட்ரிக் வேலைக்கு வாங்கற வரி வரியா மடிப்பு இருக்கற ஃப்ளெக்ஸிபிள் பைப், ஒரு இன்ச் துண்டா கத்தரியில வெட்டி வெங்காய மூட்டை நெட்ல கட்டிடுவேன், ஒரு டிரம்முக்கு வெட்டி முடிக்கறதுக்குள்ள கட்டை விரல் காய்ச்சுப் போயிடும். பாத்திரம் தேய்க்கற நைலான் நார் கூட நல்லா வேலை செய்யும், கம்பி நார் வேண்டாம், துரு புடிச்சுடும். வழியில கிடக்கற கல்ல போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்க, நுரைச்சா அது சுண்ணாம்புக்கல், பிஹெச்ச ஏத்திவிடும்.

எது போட்டாலும் அதுக்கு முன்னாடி ஒரு டிரம் கழிவு படியறதுக்குன்னு தனியா வைங்க. இத மட்டும் யாரு கெஞ்சினாலும் நான் விட்டுக்குடுக்கறதில்ல. தண்ணி சுத்திச் சுத்தி மெதுவா வந்து கழிவு அடியில உக்காரணும், அடி வால்வ தொறந்தா கறுப்பா வெளிய போயிடணும். கழுவறதுன்னா அத கழுவுங்க, தினமும் கூட கழுவுங்க. கழிவு நேரா மீடியாவுக்குள்ள போச்சுன்னா அடைச்சுக்கும், காத்து போகாது, அழுகின முட்டை நாத்தம் வரும். நல்லா ஓடற ஃபில்டருக்கு அந்த நாத்தமே கிடையாது, மழை பேஞ்சு விட்ட தோட்டத்து மண்ண மோந்து பாத்த மாதிரி இருக்கும்.

இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேணும், அம்மோனியாவுல இருக்கற 1 கிராம் நைட்ரஜன மாத்த நாலரை கிராம் ஆக்சிஜன் ஆகும். அதனால கரண்ட் ரொம்ப நேரம் போற ஏரியான்னா மூடின டிரம்ம விட தக்காளி பெட்டிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மேல இருந்து ஷவர் மாதிரி தண்ணி விடற டவர்தான் நான் சொல்லுவேன், மோட்டார் நின்னாலும் ஈரம் இருக்கற வரைக்கும் காத்துலயே தாக்குப்புடிக்கும். மூடின டிரம் பல மணி நேரம் நின்னு போச்சுன்னா கரண்ட் வந்ததும் அப்படியே ஆன் பண்ணிடாதீங்க, உள்ள தேங்கின தண்ணிய வெளிய விட்டுட்டு அப்புறம் ஓட்டுங்க.

ஐப்பசி கார்த்திகை மழையில வேற ஒரு சிக்கல். அதே 1 கிராம் நைட்ரஜன மாத்த, பிஹெச் இறங்காம தாங்கற தண்ணியோட காரத்தன்மை 7 கிராம் கிட்ட செலவாகும். போர் தண்ணியில அது தாராளமா இருக்கு, மழைத்தண்ணியில ஒண்ணுமே இல்ல. தொட்டி மழையில ரொம்பி வழிஞ்சுதுன்னா பிஹெச் சத்தமில்லாம இறங்கும், 6.5க்கு கீழ போனா பாக்டீரியா மந்தமாயிடும், 6 கிட்ட வந்தா வேலையே நின்ன மாதிரிதான். ஒரு நெட் பையில கிளிஞ்சல் கட்டி தண்ணி ஓடற இடத்துல போட்டு வைங்க, தேவைக்கு ஏத்த மாதிரி தானா கரையும். வாத்தியார் வீட்டு பெட்டுக்கும் அதேதான். கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 40ல இருந்து 50 கிராம் தீனின்னு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்ற கணக்குலதான் சார் இன்னிக்கும் எடை போட்டு போடறார், புது இலை மஞ்சளானா மட்டும் கொஞ்சம் செலேட் இரும்புச்சத்து, தண்ணியில கரைஞ்சே இருக்கற வகை.

பொங்கல் கதைக்கு வர்றேன். பூந்தமல்லியில தீனிய நிறுத்தி, பாதி தண்ணி மாத்தி, காத்து குமிழி விடற ஏர் ஸ்டோன் ரெண்டு போட்டுட்டு நேரா திருநின்றவூருக்கு வண்டிய விட்டேன். சும்மா விட்டா புதுசா பாக்டீரியா வர்றதுக்கு நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். பால் ஒரு ராத்திரியில உறைஞ்சிடும், இது ஒரு தடவை ரெட்டிப்பாகவே பதினஞ்சு மணி நேரத்துல இருந்து ஒரு நாள் வரைக்கும் எடுத்துக்கும். ஆனா உறை மோர் மாதிரி, ஏற்கனவே ஓடற ஃபில்டர்ல இருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டா கதையே வேற. சார் வீட்டம்மாகிட்ட "உறை மோர் வாங்க வந்தேம்மா"ன்னேன், எத்தனையோ தடவை வாங்கியிருக்கேன்றதால அவங்களுக்கு புரியும், "எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோப்பா"ன்னு அந்த பெட்டோட நான் சேத்து வச்சிருந்த ஃபில்டர் டிரம்மோட மூடிய அவங்களே தூக்கினாங்க. ஒரு துண்டெடுத்து கட்டை விரலால தடவிப் பாத்தேன். பழுப்பா, மெலிசா, ஊறின வெந்தயத்த தொட்ட மாதிரி ஒரு வழவழப்பு, ஒன்பது வருஷமா நிக்காம வேலை செய்யற உயிரு.

ரெண்டு வெங்காய மூட்டை நிறைய எடுத்து, அந்த தொட்டி தண்ணியிலயே நனைச்ச கோணிய சுத்தி, வண்டியில முன்னாடி வச்சு காயாம கொண்டு வந்தேன். பூந்தமல்லி டிரம்ல இறக்கினப்ப மணி ரெண்டு. அந்தம்மா சாப்பிடாம உக்காந்திருந்தாங்க. மூணு கொய் போயிடுச்சு, அதுல ஒண்ணு அவங்க பேரன் பேர் வச்ச மீன். மிச்ச 15 நின்னுடுச்சு. நாலு நாள் கழிச்சு அம்மோனியா இறங்க ஆரம்பிச்சுது, நைட்ரைட் ஏறும்னு முன்னாடியே 3 கிலோ கல் உப்பு கரைச்சு விட்டிருந்தோம், ரெண்டு வாரத்துல ரெண்டுமே கிட்ல தெரியாத அளவுக்கு வந்துடுச்சு. எப்பவாச்சும் அடைச்சா தொட்டி தண்ணியவே ஒரு பக்கெட்ல எடுத்து அதுல ரெண்டு முக்கு முக்கி எடுங்கன்னு இந்த தடவை அவங்க கையாலயே செய்ய வச்சு காட்டிட்டு வந்தேன்.

போன மாசம் அவங்ககிட்ட இருந்து திரும்ப போன். எனக்கு பக்குன்னு ஆச்சு. "தம்பி, பக்கத்து தெருவுல ஒருத்தர் புதுசா தொட்டி கட்டியிருக்கார், என் டிரம்ல இருந்து ஒரு மூட்டை கேக்கறார், குடுக்கலாமா?"

"தாராளமா குடுங்கம்மா, அந்த இடத்துக்கு புது மூட்டை ஒண்ணு நான் கட்டி எடுத்துட்டு வர்றேன்."

"கோணிய நனைச்சு வச்சுட்டேன். வெயில் ஏறறதுக்கு முன்னாடி வந்து எடுத்துட்டு போகச் சொல்லிட்டேன்"னாங்க.