லால்பாக்கில் பூ பார்க்கப் போய்ப் பாறை பார்த்த கதை

பெங்களூரு லால்பாக் என்றாலே கண்ணாடி மாளிகையும் மலர்க் கண்காட்சியும்தான் நினைவுக்கு வரும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் அந்தக் கண்காட்சிக்கு ஒருமுறை போய், பூக்களைவிட முன்னால் நின்றவர்களின் முதுகுகளைத்தான் அதிகம் பார்த்துவிட்டு வந்தேன். அதனால் இந்த முறை எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போனேன். துணைக்கு அக்கா மகள். வேலைக்காக அங்கே குடிபோய் இரண்டு வருஷம் ஆகிறது. லால்பாக் மெட்ரோ நிலையத்தைத் தினமும் கடக்கிறாள், ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

மேற்கு வாசல் வழியாக நுழைந்தோம். 1760இல் ஹைதர் அலி போட்ட தோட்டம் இது. மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து செடிகளை வரவழைத்துப் பெருக்கினார். அப்புறம் வெள்ளைக்காரர்கள் காலத்தில் தாவரவியல் பூங்காவாகி, இன்று 240 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. ஒரே நாளில் முழுக்கச் சுற்றிவிடலாம் என்று நினைத்தால் கால்தான் வலிக்கும்.

முதலில் எங்களை நிறுத்தியது ஒரு இலவ மரம். வயது சுமார் 200 இருக்கும் என்கிறார்கள். அடிமரத்திலிருந்து வேர்கள் பலகை பலகையாகச் சுவர் எழுப்பியதுபோலக் கிளம்புகின்றன. இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஒரு ஆள் மறைந்து நிற்கலாம். "இலவு காத்த கிளின்னு சொல்வாங்களே, அந்த மரமா மாமா?" என்றாள். அதே இலவு, அதே பஞ்சு. ஆனால் இவ்வளவு பெரிய மரத்தில் கிளி எந்தக் காயைக் காக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

கண்ணாடி மாளிகை காலியாக இருந்ததால்தான் கட்டடமே கண்ணில் பட்டது. 1889இல் இங்கிலாந்து இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டியது. லண்டன் கிரிஸ்டல் பேலஸை முன்மாதிரியாக வைத்துக் கட்டினார்களாம். மெல்லிய இரும்புத் தூண்கள், மேலே வளைவு வளைவாகக் கூரை. பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம். மலர்க் கடிகாரத்தின் முன்னால் எல்லோரையும் போல நாங்களும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

பிறகுதான் பாறை.

லால்பாக்குக்குள் ஒரு குன்று இருக்கிறது. உச்சியில், பெங்களூருவை நிறுவிய கெம்பேகவுடர் பெயரால் வழங்கும் சின்னக் கோபுரம். பலர் கோபுரத்தைப் பார்க்க ஏறுகிறார்கள், காலுக்குக் கீழே இருப்பதைக் கவனிப்பதில்லை. அந்தக் கல்லுக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். 'தீபகற்ப நைஸ்' (gneiss) என்ற, பட்டை பட்டையாகக் கோடு ஓடும் பாறை வகை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துப் பலகையும் வைத்திருக்கிறது.

நான் செய்த முட்டாள்தனம், உச்சி வெயிலில் ஏறியது. உட்காரலாம் என்று கையை ஊன்றினால் தோசைக்கல். கைக்குட்டையை விரித்துக் குந்தியபடிதான் கல்லை உற்றுப் பார்த்தேன். வெளிர் சாம்பலில் ஒரு கோடு, அதை ஒட்டிக் கரும்பட்டை ஒன்று, மறுபடி வெளிர் கோடு. சில இடங்களில் இந்தக் கோடுகள் பிழிந்து போட்ட சேலைபோல மடிந்து முறுக்கியிருக்கின்றன. பூமிக்குள் ஆழத்தில் கிடந்தபோது வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து கல்லை இளக்கி நெளித்ததன் தடம் அது. வெளிறிய பட்டையில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கரிய பட்டையில் பயோடைட் போன்ற கனிமங்களும் தனித்தனியாக ஒதுங்கிவிட்டன.

"டைனோசர் காலமா மாமா?"

"அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. அப்போ மரமே கிடையாது. புல் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான்."

அவள் எதுவும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிக் காலை வைத்தாள். சுட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எங்களுக்கு மேலே ஒரு பையன் சரிவில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். அவன் அம்மா கீழே நின்று கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார். எதிரே மரக்கூட்டம், அதற்கு அப்பால் நகரத்தின் அடுக்குமாடிகள். நீங்கள் போனால் காலையிலோ நாலு மணிக்கு மேலோ ஏறுங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம்.

இறங்கி நிழலைத் தேடி நடந்தபோது கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்றைப் பார்த்தோம். 2 கோடி ஆண்டுப் பழசு. பட்டையின் வரிகூட அப்படியே இருக்கிறது, ஆனால் முழுக்கக் கல். எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை!

அவள் அந்த ஊர்ப் பெயரை இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள். அப்புறம் போனை எடுத்து, அந்தக் கல்மரத்தைப் படம் பிடித்து, திண்டிவனத்தில் இருக்கும் தன் தோழிக்கு அனுப்பினாள். "உங்க பக்கத்து ஊர்க்காரர், ரெண்டு கோடி வயசு" என்று அடியில் எழுதியிருந்தாள்.