வைஃபை வளவோடு நிற்கட்டும்

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டுச் சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். வைஃபை ரூட்டர் இருப்பது வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றி எல்லோரும் புழங்கும் இடத்தில். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அறைகளுக்குள் போவதே இல்லை, 2.4 மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதிர்வெண் கூடினால் சுவரில் இழப்பும் கூடும். அறைக்கு அறை கேபிள் இழுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குத் திரையே ஆகாது என்பவன் இல்லை நான். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்ப்பதுதான் எனக்குக் கவலை.

நேற்று மகள் வளவில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அப்பத்தா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னத்தா பண்றே?"

"லூப் அப்பத்தா. ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்யச் சொல்றது."

"கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரியா?"

அவ்வளவுதான், உளுந்து அப்படியே கிடந்தது. பைத்தான் என்ற நிரல்மொழியில் டர்ட்டில் என்று படம் வரையும் வசதி உண்டு. அதில் இருவரும் புள்ளிக் கோலம் போட்டார்கள். நாலாவது வரிசையில் ஒரு புள்ளி குறைந்ததைக் கண்டுபிடித்தது அப்பத்தாதான். எனக்குப் படவே இல்லை.

அடுத்து சிக்குக் கோலமாம். அதற்கு வளைவுக் கணக்கு வேண்டும். இன்று ராத்திரி நானும் வளவில் உட்கார வேண்டும்.