கொடி அவரைக்கு ஆடி தெரியும்

சித்திரையில் கொடி அவரை போட்டவர்கள் சொல்லும் புகார் எப்போதும் ஒன்றுதான். கொடி பந்தலை மூடிவிட்டது, இலை உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது, பூ மட்டும் காணோம். உடனே கடைக்குப் போய் 'பூ பிடிக்க மருந்து' கேட்பார்கள். கடைக்காரரும் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். ஆனால் கொடி அங்கே மருந்துக்காகக் காத்திருக்கவில்லை. இரவு நீளட்டும் என்று காத்திருக்கிறது.

சென்னையில் ஜூன் கடைசியில் பகல் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. டிசம்பர் கடைசியில் ஏறக்குறைய 11 மணி 20 நிமிடம். ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. நம் ஊர்க் கொடி அவரைக்கு அது போதும். இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். ஆடியில் விதைத்தாலும் சரி, சித்திரையில் விதைத்தாலும் சரி, பூப்பது கார்த்திகையை ஒட்டித்தான். சித்திரையில் விதைத்தவர் கூடுதலாகப் பெறுவது மூன்று மாதத் தண்ணீர்ச் செலவும் பூச்சித் தொல்லையும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதைப் பலர் மழைக்கணக்காக மட்டும் பார்க்கிறார்கள். அவரை விஷயத்தில் அது வெளிச்சக் கணக்கும்தான். மொட்டைமாடியில் இரவு முழுக்க எரிகிற பளிச் விளக்குக்கு நேர் கீழே பந்தல் இருந்தால், மார்கழியில்கூட அந்தப் பக்கத்துக் கொடி பூக்கத் தாமதிக்கலாம். விளக்கை அணைத்துப் பாருங்கள்.

வருடம் முழுக்க அவரை வேண்டும் என்பவர்களுக்குச் செடி அவரை இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கோ' வரிசைச் செடி ரகங்கள் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை, இரண்டு மாதத்துக்குள் காய் பறிக்கலாம். ஒரு வேளைப் பொரியலுக்குத் தேற வேண்டுமென்றால் எட்டுப் பத்துச் செடியாவது வேண்டும். வாசனையில் அது கொடி அவரைக்குப் பக்கத்தில் வராது என்பது என் கட்சி. பொங்கலன்று அவரை, பச்சை மொச்சை, சர்க்கரைவள்ளி, பூசணி எல்லாம் ஒரே குழம்பில் விழுவது ஏன் என்று யோசித்தால் விடை எளிது. தையில் நிலத்தில் இருப்பது அவைதான்.

தக்காளி இதற்கு நேர் எதிர்க் கதை. அதற்கு வெளிச்சம் பிரச்சினை இல்லை, வெப்பம்தான். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் கிடந்தால் மகரந்தம் வேலை செய்யாது. பூ மஞ்சளாக நின்று, காம்போடு உதிரும். மே மாதத்தில் மாடித் தக்காளிக்கு மீன் அமிலம், பஞ்சகவ்யா என்று ஊட்டக் கரைசல்களை ஊற்றுவது வீண்வேலை. சென்னைக்குத் தக்காளி பெரும்பாலும் வெளியிலிருந்து, கர்நாடகத்தின் கோலார், ஆந்திராவின் மதனப்பள்ளிப் பக்கமிருந்து வருகிறது. அங்கே விளைச்சல் சறுக்கினால் இங்கே விலை ஏறும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது நினைவிருக்கும். அந்த மாதங்களில் தக்காளி இல்லாமலே சமைக்கலாம். சாம்பாருக்குப் புளி, பருப்புக்கு மாங்காய். தக்காளி நம் ஊருக்கு வருமுன் சாம்பார் வைத்தவர்கள் பட்டினி கிடக்கவில்லை. மாடியில் தக்காளி வேண்டுமென்றால், கார்த்திகையில் பெருமழை ஓய்ந்ததும் நாற்று விடுங்கள். 25 நாளில் எடுத்து நட்டால் மாசி, பங்குனியில் காய் கிடைக்கும்.

கோடையில் மாடியில் காலியாகக் கிடக்கும் செடிப் பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றால் கொத்தவரை, தட்டைப்பயறு, வெண்டை. மூன்றும் வெயிலைத் தாங்கும். வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி இலை வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது, அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

இனி ஆடிக்கு வருவோம். கொடிக்கு 15க்கு 15 அங்குலப் பைக்குக் குறைந்து வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாணம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவுத் தூள்) ஒரு பங்கு. பைக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. கலந்து நனைத்து, பத்து நாள் சும்மா போடுங்கள். மட்காத சாணத்தை அவசரத்துக்குப் போட்டால் பைக்குள் சூடேறி முளை கருகும், வெள்ளைப் புழுவும் அதோடு வந்து வேரைத் தின்னும். கோகோபீட் கட்டியை ஊறவைத்த தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். அதைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியுங்கள். உப்பு போகாவிட்டால் இலை நுனி தீய்ந்து சுருளும், எல்லோரும் அதை நோய் என்று நினைப்பார்கள்.

முக்கால் பங்கு நிரப்பி நனைத்த பை 40 கிலோவைத் தொடும். இருபது பை என்றால் 800 கிலோ. தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரும் உத்தரமும் வரும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு செங்கல். ஐப்பசி மழையில் இந்தச் செங்கலின் அருமை புரியும். தரையோடு ஒட்டிய பையில் துளை அடைத்து, தண்ணீர் தேங்கி, வேர் அழுகும். தண்ணீருக்குள் நிற்கும்போதே செடி வாடுவதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு!

அவரை விதையை நான்கு மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்காதீர்கள், பிளந்து அழுகும். பாகல், பீர்க்கு, சுரை ஓடு கெட்டி, அவை இரவு முழுக்க ஊறலாம். ஓர் அங்குல ஆழம், பைக்கு மூன்று விதை, முளைத்தபின் திடமானதை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். முளைத்து வளரும் அவரைக்கு மேலும் சாணம், மீன் அமிலம் என்று அடுக்க வேண்டாம். அது காற்றிலிருந்தே தழைச்சத்து (நைட்ரஜன்) எடுத்துக்கொள்ளும் பயிர், ஊட்டினால் இலைதான் கிடைக்கும்.

சுரைக்கும் பீர்க்குக்கும் வேறு தலைவலி: பிஞ்சு விரல் நீளத்தில் மஞ்சளாகி வெம்பி விழும். பூச்சி என்று வேப்பெண்ணெய் அடிப்பார்கள். பெரும்பாலும் காரணம் மகரந்தம் சேராததுதான். மாலை ஆறு மணிக்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள். சுரைப்பூ வெள்ளையாக, நொய்யென்று, அப்போதுதான் விரியும். பீர்க்கும் மாலைப் பூதான். பாகலும் பரங்கியும் காலையில். பூவுக்கு அடியில் குட்டிக் காய் மாதிரி வீங்கியிருந்தால் பெண் பூ, வெறும் காம்பென்றால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுவிலுள்ள மஞ்சள் தூள் ஒட்டும்படி பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்கு வரும். பிடித்த பிஞ்சின் காம்பு இரண்டு மூன்று நாளில் வளைந்து தொங்கத் தொடங்கும். சுரையில் ஆண் பூவாகவே வருகிறது என்றால் தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளையில்தான் பெண் பூ அதிகம். சுரையைப் பறிக்கும் நேரம் நகத்துக்குத் தெரியும். மேலே மெல்லிய முடி இருக்க வேண்டும், நகம் தடையில்லாமல் இறங்க வேண்டும்.

கீரைக்குச் சிறிய தொட்டி போதும். சிறுகீரை 25 நாளில் தயார். விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. எறும்பு விதையைச் சுமந்துபோவதுதான் பாதித் தோல்விக்குக் காரணம், மேலே சிட்டிகை மஞ்சள்தூளும் சாம்பலும் தூவிப் பாருங்கள். பறித்த கீரையில் வைட்டமின் சி உடனே குறையத் தொடங்கும், அதனால் உலை வைத்துவிட்டு மாடிக்குப் போவது சரியான வரிசை.

மார்கழியில் அவரைப் பூங்கொத்தில் கறுப்பாகப் பிசுபிசுப்பு தெரிந்தால் அது அசுவினி, சாறு உறிஞ்சும் பூச்சி. எறும்பு வரிசையாக ஏறினாலே வரப்போகிறது என்று அர்த்தம். முதல் நாளே ஹோஸ் பைப்பில் பீய்ச்சிக் கழுவுங்கள், பாதி போகும். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கலக்கும் அளவுக்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய, ஐந்து நாளுக்கு ஒரு முறை அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். விறகடுப்பு உள்ள வீடுகளில் பனி ஈரத்தோடு காலையில் சாம்பல் தூவுவார்கள். அதுவும் வேலை செய்யும், மழை வந்தால் மறுபடி தூவ வேண்டும்.

காய் நன்றாக வரும்போது கொடியின் நடுவிலுள்ள நாலைந்து கொழுத்த காய்களில் நூல் கட்டி விட்டுவிடுங்கள், யாரும் சமையலுக்குப் பறித்துவிடாதபடி. மாசியில் அவை நெற்றாகி, ஆட்டினால் கலகலக்கும். உரித்து, நிழலில் நாலு நாள் காயவைத்து, அடுப்புச் சாம்பலில் புரட்டி, கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள். அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ரகம் அவ்வளவாக மாறாது. சுரை, பீர்க்கு அப்படியில்லை, பக்கத்து மாடியில் வேறு ரகம் இருந்தால் கலந்துவிடும். பாட்டிலின் மேல் ரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஆடி வரும்போது எது எந்த விதை என்று கண்டிப்பாக மறந்துபோகும்.