பூச்சிக்கும் உப்புக்கும் நாள் பார்க்கும் ஊர்

சித்தப்பா வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கினார். ஒரு தூரை விரித்துப் பிடித்து உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். தண்ணீரில் ஏழெட்டுப் பொட்டுகள் உதிர்ந்தன. எள் அளவு, தவிட்டு நிறம். விழுந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் பக்கவாட்டில் சறுக்கி, மறுபடியும் தண்டைப் பிடித்துக்கொண்டன.

"ராய் நாவ்" என்றார்.

கூட வந்த பெண் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். வேண்டாம் என்று கை காட்டினேன். மன்னார்குடிப் பக்கம் பிறந்தவனுக்குப் புகையான் என்ற நெல் பூச்சியை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. பச்சை வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்து, புகை பிடித்த மாதிரி இருக்கிறது என்று நம்மவர்கள் அந்தப் பேரை வைத்தார்கள். இங்கே அதே காட்சிக்கு "சாய் ராய்" என்கிறார்கள். சாய் என்றால் எரிவது. நமக்குப் புகை தெரிந்திருக்கிறது, இவர்களுக்கு நெருப்பே தெரிந்திருக்கிறது.

2024 சனவரி கடைசி வாரம். வியட்நாமின் தென்கோடியில் மெக்காங் டெல்டா, அதில் அப்போதைய சொக் சாங் மாகாணம், லாங் ஃபூ வட்டாரம். ஹாவ் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கம். ஹோ சி மின் நகரிலிருந்து கான் தொவுக்குப் படுக்கைப் பேருந்து. ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு மணி நேரம் படுத்தபடியே வாய்க்கால், வாழை, கல்லறை வைத்த வயல், மறுபடி வாய்க்கால். வியட்நாமின் நெல்லில் பாதிக்கு மேல் இந்த டெல்டாவில்தான் விளைகிறது. கான் தொவிலிருந்து மோட்டார் சைக்கிள்.

சித்தப்பா என்று நான் சொல்வது மரியாதைக்காக மட்டுமல்ல. அவரை எல்லோரும் 'சூ பா' என்கிறார்கள். சூ என்றால் சித்தப்பா, பா என்றால் மூன்று. ஆனால் அவர் வீட்டுக்கு இரண்டாவது பிள்ளை. தெற்கு வியட்நாமில் மூத்த பிள்ளையை 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். 'ஒன்று' கிடையாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

முந்தின நாள் கான் தொவில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். எனக்கு மொழிபெயர்த்த பெண் வேளாண்மை படித்தவள். அவளுடைய சீனியர் ஒருவர் ஒரு நெல் ஆய்வுக் கூடத்தில் வேலை செய்கிறார். அங்கே வலை அடித்த அறைக்குள் தட்டுத் தட்டாக நாற்று வளர்த்திருந்தார்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு ரகம். ஏழு நாள் நாற்றின்மேல் புகையான் குஞ்சுகளைத் தூவிவிட்டு, எது முதலில் சாகிறது, எது நிற்கிறது என்று பார்ப்பார்கள். டி.என். 1 என்ற தைவான் ரகம் முழுசாகக் காய்ந்து படுத்திருந்தது. அடுத்த வரிசையின் அட்டையைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. ஏ.எஸ்.டி. 7.

ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம். இட்லிக்கு ஏ.எஸ்.டி. 16 தேடி வாங்குகிறோமே, அதே ஊர். தாமிரபரணிக் கரையிலிருந்து கிளம்பிய ஒரு நெல், புகையானைத் தாங்கும் மரபணு ஒன்று அதில் இருப்பதால், உலகம் முழுக்க இந்தச் சோதனைக்கு அளவுகோல் ஆகிவிட்டது. ஆனால் அன்று அந்த வரிசையும் மஞ்சளாகத் தொங்கிப்போய்த்தான் இருந்தது. மெக்காங் புகையான் அந்த மரபணுவைத் தாண்டிப் பல வருடம் ஆயிற்று. பச்சையாக நின்றவை இரண்டு: கேரளத்தின் பட்டாம்பி 33, இலங்கையின் ரத்து ஹீனட்டி. "உங்கள் பக்கத்து நெல் எல்லாம் இங்கே வேலை பார்க்கிறது" என்று அந்த சீனியர் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்பாசமுத்திரம் தோற்றதில் லேசாக வருத்தம்தான்.

இந்த ஓட்டப்பந்தயம் பழசு. 1966-இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 என்ற நெல் ரகத்தை வெளியிட்டது. வியட்நாமில் அதற்கு உழவுத் தெய்வத்தின் பேரை வைத்தார்கள். விளைந்த காசில் ஹோண்டா வண்டி வாங்கியதால் 'ஹோண்டா நெல்' என்றும் சொன்னார்கள். குட்டைப் பயிர், அடர்ந்த தூர், அள்ளிப்போட்ட யூரியா. புகையானுக்கு வேறென்ன வேண்டும்? 1973-இல் அதைத் தாங்கும் ஐ.ஆர். 26 வந்தது. அதன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6, நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூர்குப்பம் நெல். இரண்டு மூன்று வருடத்தில் பூச்சி அதையும் பழகிக்கொண்டது. அடுத்து ஐ.ஆர். 36. அந்த விதை உறைகளில் கொஞ்சம்போல வந்து சேர்ந்தபோது டெல்டாவே காய்ந்துகொண்டிருந்தது. கான் தொ பல்கலைக்கழகப் பேராசிரியர் வோ தோங் சுவான் வகுப்புகளை நிறுத்தச் சொல்லி, பெருக்கிய விதையை மாணவர்கள் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். விதை மிச்சமாக வேண்டும் என்பதால் குத்துக்கு ஒரே ஒரு நாற்று. எனக்கு மொழிபெயர்த்தவளின் பெரியப்பா அந்த மாணவர்களில் ஒருவராம். இன்றும் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் இரண்டு கிளாஸ் உள்ளே போனால் அந்தக் கதை வந்துவிடுமாம்.

சரி, ரகம் ஓட, பூச்சி துரத்த, இது எங்கே போய் முடியும்? 2006-இல் பூச்சி தனியாக வரவில்லை. பயிரைக் குட்டையாக்கி இலையை முறுக்கும் வைரஸ் நோய்களையும் சுமந்துகொண்டு வந்தது. அந்த வருடக் கடைசியில் புதிய அரிசி ஏற்றுமதி ஒப்பந்தங்களையே அரசு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அப்போது கையில் எடுத்த உத்திக்குப் பேர் 'நே ராய்'. நே என்றால் என்ன என்று கேட்டேன். சித்தப்பா பேசாமல் எழுந்து, எதிரே லாரி வருவதுபோல் ஒரு கையைக் காட்டி, வண்டி ஓட்டுகிறவர் மாதிரி உடம்பைச் சாய்த்து ஒதுங்கிக் காட்டினார். அவ்வளவுதான். மோதாதே, ஒதுங்கு.

விளக்குப் பொறி வைத்து ராத்திரி ராத்திரி விழும் பூச்சியை எண்ணுகிறார்கள். புகையானில் இறக்கை நீண்டவை காற்றோடு கூட்டமாக வந்து இறங்கும். பொறியில் எண்ணிக்கை ஏறி, உச்சிக்குப் போய், சரியும். சரிந்த கையோடு அந்த வட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் விதைக்க வேண்டும். அடுத்த கூட்டம் வருவதற்குள் பயிர் இளம் பருவத்தைக் கடந்திருக்கும். வைரஸ் பெரிதாகச் சேதம் பண்ணுவது இளம் பயிரில்தான். ஒருவன் முந்தி, ஒருவன் பிந்தி விதைத்தால் பூச்சிக்கு வருடம் பூரா சாப்பாடு. எங்கள் ஊரில் நாலு பங்காளிகள் ஒரே நாளில் நாற்று விட்டு நான் பார்த்ததில்லை. இங்கே வட்டாரமே விடுகிறது, அல்லது விட முயல்கிறது.

மருந்து பற்றியும் கேட்டேன். 1994-இல் இதே டெல்டாவின் லாங் ஆன் மாகாணத்தில் 'விதைத்த 40 நாளைக்கு மருந்து அடிக்காதே' என்று வானொலியிலும் துண்டறிக்கையிலும் சொல்லத் தொடங்கினார்கள். தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. காரணம் எளிது. புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும், மருந்து அதைத் தொடாது. வெளியே சுற்றும் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் பச்சை நாவாய்ப்பூச்சியும்தான் முதலில் சாகும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிக்கும்போது காவலுக்கு ஆள் இருக்காது. என் பெரியப்பாவுக்கு இதை நானே பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். "அடிச்சாத்தான் தூக்கம் வருதுடா" என்பார். சித்தப்பாவும் புனிதர் இல்லை. அவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நாலைந்து மருந்து பாட்டில்களைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். விதையும் ஹெக்டேருக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தெளிக்கிறார். அதை 70 கிலோவுக்கு இறக்கச் சொல்லி 10 லட்சம் ஹெக்டேருக்கு ஒரு அரசுத் திட்டம் ஓடுகிறது. "நத்தை தின்றது போக மிச்சம் வேண்டாமா?" என்கிறார். வாய்க்கால் ஓரக் குச்சிகளில் எல்லாம் ரோஜா நிறத்தில், ஜவ்வரிசி ஒட்டிவைத்த மாதிரி நத்தை முட்டைகள். தென் அமெரிக்காவிலிருந்து தின்பதற்கென்று கொண்டுவந்த நத்தை. இப்போது அது நாற்றைத் தின்கிறது.

பூச்சியிடமிருந்து ஒதுங்கலாம். உப்பிடமிருந்து?

முதல் நாள் காலை பல் தேய்க்கும்போதே குழாய்த் தண்ணீர் லேசாகக் கரித்தது. வீட்டுப் பாட்டி என் முகம் போன போக்கைப் பார்த்து, கொல்லையில் வரிசையாக நின்ற ஆள் உயரத் தாழிகளைக் காட்டினார். மழைத் தண்ணீர். குடிக்க, சமைக்க அதுதான், மே மாதம் மழை இறங்கும்வரை. ஆற்றில் தண்ணீர் குறையும் மாதங்களில் கடல் உள்ளே ஏறிவரும். 2016-இல் சில இடங்களில் 90 கிலோமீட்டர்வரை ஏறியது. 2020-இல் அதைவிட மோசம், ஐந்து மாகாணங்கள் அவசரநிலை அறிவித்தன. எல் நினோ ஒரு பக்கம், மேலே மெக்காங்கின் அணைகள் ஒரு பக்கம். மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்ததும், நிலத்தடி நீரை உறிஞ்சித் தரையே இறங்குவதும் இன்னொரு பக்கம். படுகை தாழ்ந்த ஆற்றில் கடல் தயங்காமல் வருகிறது.

சித்தப்பாவின் மகன் போனில் ஸாலோ செயலியில் ஒரு குழுவைத் திறந்து காட்டினான். லிட்டருக்கு இத்தனை கிராம் உப்பு, இந்த மதகு இன்று மூடும், அந்த மதகு நாளை திறக்கும் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிராமைத் தாண்டினாலே யோசிப்பார்கள், நாலு கிராம் என்றால் நெல்லுக்கு வேலை இல்லை. பாட்டி போனைப் பார்க்கவில்லை. படித்துறையில் உட்கார்ந்து வாய்க்கால் தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "இன்றைக்கு ஒன்றுமில்லை" என்றார். மகன் உப்புமானியை விட்டுப் பார்த்தான். 0.6.

இங்கேயும் கை கொடுப்பது தேதிதான். குளிர்காலப் போகத்தை அக்டோபர், நவம்பரிலேயே விதைத்து, உப்பு உச்சத்துக்குப் போகுமுன் அறுத்துவிட வேண்டும். சித்தப்பா நவம்பர் முதல் வாரம் விதைத்தவர், தெத் எனப்படும் சந்திரப் புத்தாண்டு முடிந்த கையோடு அறுவடை. அடுத்து மழை வரும்வரை நிலம் சும்மா கிடக்கும்.

பக்கத்து வயல்காரர் அப்படி விடவில்லை. அக்டோபரில் விதைத்ததை அறுத்துவிட்டு, மூன்றாவது போகத்துக்கு அந்த வாரம்தான் விதை தெளித்திருந்தார். வேளாண் அலுவலர்கள் வேண்டாம் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியும். ஏன் இந்தத் துணிச்சல் என்று கேட்டதற்கு என்னை நோக்கிக் கை நீட்டினார். "உங்கள் ஊர்தான் காரணம்!" 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உலகச் சந்தையில் விலை ஏறியது. இவர் வாழ்நாளில் பார்க்காத விலை. "இந்த விலைக்கு நிலத்தைச் சும்மா போடுகிறவன் பைத்தியக்காரன்" என்றார். சித்தப்பா காதில் விழாத மாதிரி வாத்துக்கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வயல்காரரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாத நெல், கையில் கடன். அவர் இடத்தில் என் பெரியப்பா இருந்திருந்தாலும் தெளித்திருப்பார்.

கிளம்புகிற அன்று தைப்பூசம். எனக்கு அது நினைவே இல்லை. வீட்டு வாசலில் குடும்பமே ஒரு சின்ன மரத்தைச் சுற்றி நின்று இலையை ஒன்றுவிடாமல் உருவிக்கொண்டிருந்தது. அது 'மாய்' மரம். அவர்கள் கணக்கில் பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி இலையை உருவினால், சரியாகப் புத்தாண்டு அன்று மரம் முழுக்க மஞ்சள் பூவாக வெடிக்கும். முந்தி உருவினால் பூ முன்னாலேயே கொட்டிப்போகும். வெயில் கூடின வருடம் இரண்டு நாள் தள்ளி உருவ வேண்டுமாம். பாட்டிதான் நாள் சொன்னார். என் கையிலும் ஒரு கிளையைக் கொடுத்தார்கள். இலைக் காம்பைப் பின்பக்கமாக இழுக்க வேண்டும், மொட்டு போய்விடக் கூடாது. நான் உருவியதில் இரண்டு மொட்டு போயிற்று. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, கிளையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மார்ச் கடைசியில் அந்தப் பெண் ஒரு படம் அனுப்பினாள். மதகு இறக்கியிருந்தது. சித்தப்பாவின் அறுத்த வயலில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வயலைப் பற்றி அவள் எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. படத்தின் வலது ஓரத்தில் அது கொஞ்சம் தெரிந்தது.